அழாத புள்ள

தம்பியின் ஓட்டோப் பின்கண்ணாடியில் ஜமெய்க்காப் பாடகர் பொப் மார்லியின் தலை. சிவப்பு, மஞ்சள், பச்சை. அதற்குக் கீழே நாலு சொல்: நோ வுமன் நோ க்ரை. ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை, அலைச்சறுக்குக்கு ஆட்கள் வந்து இறங்குகிற சீசனில், இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற அறுகம்பையில் இந்த வரியைக் காணாமல் ஒரு நாள் போகாது. ரீசேட்டில், கடைச் சுவரில், ஓட்டோக்களில். அந்த வரியில் தொடங்கும் மார்லியின் பாட்டும் அப்படித்தான். பின்னேரம் கடற்கரைக் கடைகளில் யாரோ ஒருவர் அதைப் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு கிடப்பார்.

அம்மாவுக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாது. கோமாரி ஊரில் எங்கட வீட்டு வாசலில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் ஒரு நாள் கேட்டா.

"என்ன மனே எழுதியிருக்கு?"

"பொம்புள இல்லாட்டி அழுகையும் இல்லம்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்மட வீட்டில பொம்புளயால ஆருகா அழுதது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா. அந்தக் கேள்வி எனக்குத்தான் கூடச் சுட்டது. நான் பிள்ளைகளுக்கு இங்கிலிஸ் ரியூசன் கொடுப்பவள். எத்தனையோ வருசமாக நானும் அந்த வரியைத் தம்பி சொன்ன மாதிரியேதான் விளங்கி வைத்திருந்தேன்.

அன்றைக்கு இரவு பாட்டை முழுதாகக் கேட்டேன். 1974இல் வந்த முதல் பதிவு கொஞ்சம் விறுவிறுப்பானது. எல்லாரும் கேட்பது 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் மேடையில் பாடியதை. ஏழு நிமிசம் ஓடும். ஓர்கன் மெதுவாகத் தொடங்க, கூட்டமே சேர்ந்து பாடுகிறது. அந்த நடையில் கேட்கும்போது, பெண்களைக் குறை சொல்லும் பாட்டு இப்படி இருக்குமா என்று நினைத்தேன்.

குழப்பம் எல்லாம் இரண்டாவது 'நோ'வில் இருக்கிறது. ஜமெய்க்காப் பேச்சு வழக்கில் 'நொ' என்று ஒரு சொல் உண்டு. 'செய்யாதே' என்று தடுக்கிற சொல். ஸ்டிக்கரில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முதல் சொல்லுக்குப் பிறகும் 'வுமன்' என்பதற்குப் பிறகும் ஒவ்வொரு காற்புள்ளி போட்டு வாசித்தால் சரி. 'வுமன்' என்பது அங்கே விளி, கூப்பிடுகிற சொல். எங்கட ஊர்ப் பேச்சில் சொன்னால், "வேணாங்கா, அழாத புள்ள." அவ்வளவுதான். பெண் இல்லாத நிம்மதியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எதிரே ஒரு பெண் அழுகிறாள், ஒருவன் தேற்றுகிறான்.

எதைச் சொல்லித் தேற்றுகிறான் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஜமெய்க்காவின் கிங்ஸ்ரன் நகரத்து ட்ரெஞ்ச்டவுனில் அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்புகள் இருந்தன. நடுவே ஒரு முற்றம், சுற்றிவர அறைகள். குசினியும் தண்ணீர்க் குழாயும் எல்லாருக்கும் பொது. அந்த முற்றத்தில் நாம் இருந்தோமே, நினைவிருக்கா என்று கேட்கிறான். ஜோர்ஜி நெருப்பு மூட்டுவான், வைரம் பாய்ந்த கட்டை விடியவிடிய எரியும், சோளன்மாக் கஞ்சி காய்ச்சி உன்னோடு பங்கிட்டுக் குடிப்பேன் என்கிறான். வழியில் நல்ல கூட்டாளிகள் கிடைத்தார்கள், நல்ல கூட்டாளிகளை இழந்தும் போனோம் என்கிறான். காலைத் தவிர வேறு வண்டி அவனுக்கில்லை. எல்லாம் சரியாகும், எல்லாம் சரியாகும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதற்குப் பிறகுதான். கடற்கரையில் சாய்ந்து கிடப்பவர்கள் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கஞ்சியைக் கேட்காமல் அந்த வரியை மட்டும் கேட்பது எனக்குப் போதவில்லை.

பாட்டை எழுதியவராகப் பதிவில் இருப்பது வின்சென்ட் ஃபோர்ட், மார்லியின் பழைய கூட்டாளி. ட்ரெஞ்ச்டவுனில் பசித்தவர்களுக்குச் சமைத்துப் போட்டவர். எழுதியது மார்லிதான், பாட்டின் வருமானம் அந்த அடுப்புக்குப் போகட்டும் என்றே கூட்டாளியின் பேரைப் போட்டார் என்று பலர் சொல்வார்கள். உண்மை எதுவானாலும், கஞ்சியைப் பற்றிய பாட்டு கஞ்சி ஊற்றியவரின் பேரில் இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

எனக்கும் அப்படி ஒரு முற்றம் தெரியும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். சுனாமியில் எங்கட அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போன அன்றைக்கு, கரைவலைக்குப் போன அப்பாவும் திரும்பவில்லை. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நாலு. ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வகுப்பறைக்கு நாலைந்து குடும்பம், முற்றத்தில் கல் வைத்து ஒரே அடுப்பு. அடுத்த பாயில் படுத்த மாமி இருட்டோடு எழும்பி, கடல் சாய்த்த சவுக்கு மரத்து விறகில் கஞ்சி காய்ச்சுவா. அம்மா சுவரைப் பார்த்தபடியே இருப்பா. மாமி சிரட்டையில் கஞ்சியை ஊற்றிக் கையில் வைத்து, "அழாதகா, புள்ளயள் பாக்குதுகள்" என்பா. வேறு ஆறுதல் ஒன்றும் அவவுக்குச் சொல்லத் தெரியாது. அவட இரண்டு மகன்மாரையும் கடல் கொண்டுபோயிருந்தது. வீட்டுத் திட்டத்தில் வேற இடம் போன மாமி, பிறகு அங்கேயே காலமாகிவிட்டா.

அடுத்த நாள் தம்பியையும் அம்மாவையும் இருத்தி வைத்து, பாட்டைப் போட்டு வரி வரியாகச் சொன்னேன். தம்பி போனைக் கையில் வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "நான் சவாரிக்கு வாற எல்லாருக்கும் பிழையாச் சொல்லியிருக்கன் அக்கா" என்றான். அந்தக் காலம் பற்றி அவனுக்கு எந்த நினைவும் இல்லை. மாமியின் முகமும் தெரியாது. அதனால் கஞ்சி வரி வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா கடைசிவரை கேட்டா. பாட்டு முடிந்து சற்று நேரம் கழித்துத்தான் வாய் திறந்தா.

"அந்தக் கஞ்சிக்கு அவங்க உப்பா போடுற, சீனியா?"

"சீனிதானம்மா. டின்பாலும் ஊத்துவாங்களாம்."

"மாமியும் முதல் நாள் சீனிதான் போட்டவ" என்றா அம்மா. "உப்பு ஒருத்தரிட்டயும் இருக்கல்ல."