திருமலை நிருபர்

எங்களுக்குப் படிப்பித்த சேர் காலமாகி வருகிற மாசியோடு ஒரு வருடம். மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அவருடைய பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஊரான திருகோணமலையிலிருந்து அவர் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிய காலம் முழுக்க ஒருநாளும் அந்தப் பெயர் அச்சில் வந்ததில்லை. செய்தியின் தலையில் அடைப்புக்குறிக்குள் ‘திருமலை நிருபர்’ என்று இருக்கும், அவ்வளவுதான். அது போதும் என்பார். 1979 முதல் 1984 வரை கல்லூரியில் எங்களோடு படித்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று விளங்கும்.

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் புரூப் பார்க்கத் தொடங்கி, தாயாருக்குச் சுகமில்லை என்று ஊருக்கு வந்து நிருபரானவர். அச்சில் வந்த செய்தியை அளந்துதான் காசு. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு அதை நம்பிச் சீவிக்க முடியவில்லை. ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் எங்களுக்குத் தமிழும் சமூகக்கல்வியும் படிப்பிக்க வந்தார்.

சுருக்கம் எழுதும் பாடத்தை அவர் படிப்பித்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பந்தியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, “தந்தி கொடுக்கப் போறாய். சொல்லுக்குச் சொல் காசு. பத்துச் சொல்லுக்குத்தான் உன்னட்டக் காசு இருக்கு” என்பார். நாங்கள் முதலில் வெட்டுவது பெயரடைகளை. அப்புறம் வினையடைகள். ஊர்ப்பெயரில் யாராவது கை வைத்தால் மட்டும் சேருக்குக் கோபம் வரும்.

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் ஆங்கிலத்தில் தந்தி கொடுப்பார், கொழும்பில் மேசையில் இருப்பவர் அதைத் திரும்பத் தமிழாக்குவார். ஒருமுறை கிண்ணியாவில் பாம்பு கடித்து ஒரு விவசாயி இறந்த செய்தியை அனுப்பியிருக்கிறார். ஆங்கிலத்தில் கிண்ணியாவுக்கும் கன்னியாவுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஒன்று கொட்டியாரக் குடாவின் கரையில், மற்றது வெந்நீர்க் கிணறுகள் இருக்கிற ஊர். பேப்பரில் கன்னியா என்று வந்துவிட்டது. கன்னியாவில் தம்பியை விட்டுவிட்டுக் கொழும்பில் வேலை செய்த ஒருவர் அதை வாசித்து, அன்றிரவே மெயில் ரயில் ஏறி, விடிய விடிய அழுதுகொண்டு வந்து இறங்கினாராம். தம்பி உயிரோடுதான் இருந்தான். “அந்த மனிசன் என்னை ஏசவே இல்லையடா. ஏசியிருந்தால் மறந்திருப்பன்” என்றார் சேர். பிழை எங்கே நடந்தது, தன் கையெழுத்திலா, தந்தி அடித்த இடத்திலா என்று அவர் தேடவில்லை. செய்தி தன்னுடையது என்றார்.

அதனால்தான் எதைச் சொன்னாலும் “யார் சொன்னது? நீ கண்டனியா?” என்று கேட்பார். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரர் திருகோணமலையில் குண்டு போட்டதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துவிடலாம். சேர் எங்களை வீட்டுக்கு அனுப்பி, அன்றைக்கு ஊரில் இருந்த கிழவர் கிழவிகளிடம் கேட்டு எழுதிவரச் சொன்னார். என்னுடைய அம்மம்மா, சீனன்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையைப் பார்த்தேன் என்றா. பக்கத்து வீட்டு அப்பு, ஊரே காட்டுக்குள் ஓடிவிட்டது, புகையை யார் நின்று பார்த்தது என்றார். ஏழு நாள் எரிந்தது என்றார் ஒருவர், மூன்று நாள் என்றார் இன்னொருவர். எது சரி சேர் என்று கேட்டோம். “ஒவ்வொருத்தரும் அப்ப எங்க நிண்டவை எண்டு கேட்டனீங்களா?” என்றார். கேட்கவில்லை. மறுபடியும் வீடு வீடாகப் போனோம். வகுப்பறையில் நான் படித்த எதையும் விட அந்த இரண்டாவது நடை எனக்குப் பெரிது.

1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்ட செய்தி வந்தபோது அவர் பாடம் எடுக்கவில்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எப்படி வரி கோர்ப்பார்கள் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். ஈயம் சீக்கிரம் உருகும் என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக நான் அவரோடு நீண்ட நேரம் பேசியது 2004 டிசம்பர் கடைசியில். சுனாமி அடித்துச் சில நாட்கள். ரொறொன்ரோவில் ஒரு நண்பனின் வீட்டில் திருமலைக்காரர் கூடியிருந்தோம், யாருடைய வீட்டுத் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. ஓய்வு பெற்றிருந்த சேர் ஏதோ ஒரு கடையிலிருந்து எடுத்தார். ஆஸ்பத்திரி, அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடங்கள் எல்லாம் கெட்டி அட்டைச் சீஆர் கொப்பியோடு நடந்து பெயர் எழுதியிருக்கிறார். தான் கண்டவர்கள் ஒரு பக்கம், மற்றவர் கண்டதாகச் சொன்னவர்கள் மறுபக்கம். பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் எழுதினேன். சுற்றி நின்றவர்கள் மூச்சு விடவில்லை.

முடிந்ததும், “திருப்பி வாசி” என்றார். வாசித்தேன். பன்னிரண்டாவது பெயரில் நிறுத்தினார்.

“ஊர்?”

“கிண்ணியா, சேர்.”

“கி?”

“கி.”

“சரி. அடுத்தது.”