தோள்

மே 4
கத்திரி ஆரம்பம். தூக்குக்கட்டுக்குள் கை வெந்துபோகிறது.

மே 5
தலைமுடியில் குளோரின் வாசனை போய்விட்டது. பதினாறு வருஷமாக எத்தனை சீயக்காய் தேய்த்தும் போகாத வாசனை. அம்மா மோந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். எனக்கு அழுகை வந்தது.

மே 9
ஆறு வாரம் கழித்துக் கட்டைக் கழற்றினார்கள். வலது கை யாருடையதோ போல் தொங்குகிறது. இனி சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் அப்பா பென்சிலால் கோடு போட்டார். சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே. தண்ணீருக்குள் எப்போது இறங்கலாம் என்று டாக்டரிடம் கேட்டேன். “முதல்ல தானா தலை வாருங்கம்மா” என்றார்.

மே 12
தூக்கமில்லை. 1:56.38. 2021இல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் நம் நாட்டு வீரர் சஜன் பிரகாஷ் எடுத்த நேரம். டோக்கியோ ஒலிம்பிக்கின் ‘ஏ’ தகுதிக்கு, அதாவது நேரடித் தகுதிக்கு, அப்போது 1:56.48 போதுமாக இருந்தது. பத்தில் ஒரு நொடிதான் மிச்சம். அதற்கு முன்பு கழுத்து டிஸ்க்கால் அவதிப்பட்டவர் அவர். கழுத்து வேறு, தோள் வேறு, தெரியும். இருந்தாலும் அந்த எண்ணையே சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

மே 14
அப்பாவோடு குடியாத்தம் பக்கம் நிலத்துக்குப் போனேன். பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே வெறும் மணல். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி அப்பா என்னைத் தள்ளிவிட்ட கிணற்றில் இப்போது அடியில் கொஞ்சம் பாசித் தண்ணீர். நெடுநேரம் எட்டிப் பார்த்தேன். அப்பா என் சட்டையை இறுக்கிப் பிடித்தபடியே நின்றார்.

மே 17
கோடு ஏறவில்லை.

மே 18
ஏறவில்லை.

மே 19
பட்டர்ஃபிளையில் ஒவ்வொரு திருப்பத்திலும், முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒன்று பிந்தினால் தகுதிநீக்கம். நாட்டின் பெயர் போட்ட தொப்பியோடு கடைசியாக நீந்திய அன்று மூன்றாவது திருப்பத்தில் தோள் சுருக்கென்றது. மீதி ஐம்பது மீட்டரும் ஒரே நினைப்புதான்: சேர்ந்து தொடணும், சேர்ந்து தொடணும். சேர்ந்தேதான் தொட்டேன். பலகையில் நேரத்தைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

மே 21
சுவிட்ச் போர்டு! அப்பா கோட்டுக்குப் பக்கத்தில் தேதியும் எழுதினார்.

மே 23
அப்பா வெளியே போனதும் சுவர் முன்னால் நின்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். வலது பிந்தியது. மறுபடியும் பிந்தியது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டேன். டப், டப். இரண்டாகவே கேட்கிறது. அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்: “யாரு கதவைத் தட்டுறது?”