துருக்கி சிம்பல் வாங்கும்போது கிராம் கணக்கைக் கேளுங்கள்

இஸ்தான்புல் பட்டறைகளில் கையால் அடித்தெடுக்கும் சிம்பல்கள் (டிரம் செட்டில் குச்சியால் அடிக்கும் வட்டத் தகடுகள்) பெரும்பாலும் 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் வெள்ளீயம் கலந்த வெண்கலம். ஒரே மாடலில் இரண்டு எடுத்தாலும் ஒலி ஒன்றாக இருக்காது. எடைதான் முதல் துப்பு. 22 அங்குல ரைடு (தாளத்தை விடாமல் வாசிக்கும் பெரிய சிம்பல்) 2,200 கிராம் அளவில் இருந்தால் ஒலி இருண்டு விரியும். 2,700ஐத் தாண்டினால் குச்சி நுனியின் ‘டிங்’ தெளிவாக நிற்கும், ஆனால் ஓரத்தில் அடித்தால் கிராஷ் (ஓங்கிய ஒரே அடியில் வெடித்தொலிக்கும் சிம்பல்) போல எளிதில் திறக்காது.

முதலில் ரைடைத் தேர்ந்தெடுங்கள், மற்றவை அதற்கு ஒத்துப்போகட்டும். உங்கள் குச்சியையே கொண்டுபோய் ஒரு நிமிடம் விடாமல் வாசியுங்கள். இரைச்சல் ஏறி ஏறி அடியை விழுங்கினால், அந்தத் தகடு உங்கள் வாசிப்புக்கு மெல்லியது. மிதியால் திறந்து மூடும் ஜோடித் தகடான ஹை-ஹாட்டில் கீழ்த்தகடு சற்றுக் கனமாக இருப்பது நல்லது.

பழையதென்றால் நடுத்துளையைப் பாருங்கள். நைலான் குழாய் போடாமல் மாட்டியிருந்தால் ஸ்டாண்டின் கம்பி அரித்து, துளை ஒரு பக்கமாக நீண்டிருக்கும். விளிம்பை நகத்தால் சுற்றித் தடவுங்கள். முடி அளவு விரிசலும் நகத்தில் தட்டும்.