சித்தப்பாவின் ஈறும் பாதியில் நின்ற மாத்திரையும்

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லின் ஈறு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வீங்கும். வீங்கிய அன்றே மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டி அதே அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்குவார். இரண்டாம் நாள் வலி தணிந்ததும் மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விசைப்படகில் ஏறிவிடுவார். அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் என்று நான் சொன்னபோது, "கேட்டா குடுக்குறானே" என்று சிரித்தார்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால்தான் இவ்வாண்டு அவரை ராமநாதபுரத்துப் பல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்ல முடிந்தது. மருத்துவர், அளவுக் கோடிட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினார். மூன்று மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டியது ஏழு வரை இறங்கியது. கம்பியை எடுத்த இடத்தில் இரத்தம் புள்ளியாக ஊறியது.

அந்தப் பள்ளத்தில், வேரைப் பற்றிக்கொண்டு, கல்லாக இறுகிய அழுக்கான காரை படிந்திருந்தது. அதன்மேல் கிருமிகள் வழுவழுப்பான படலமாகத் திரண்டு வாழ்வதால், மாத்திரையின் மருந்து இரத்தத்தின் வழியே ஈறு வரை வந்தாலும் படலத்தை ஊடுருவி அவற்றை அழிப்பது கடினம் என்றார் மருத்துவர். சித்தப்பா வாயைக் கொப்பளித்துவிட்டு, "படகு அடியில ஒட்டுன சிப்பியச் சுரண்டாம பெயிண்ட் அடிச்ச கதைதான்" என்றார். அதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியாது.

வேர் வரை சுரண்டிச் சுத்தம் செய்வதே முதல் சிகிச்சை. அமாக்சிசிலினையும் மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு கிருமிக்கொல்லியையும் சேர்த்துச் சுமார் ஏழு நாள் கொடுக்கும் முறை உண்டு. ஆனால் நோய் வேகமாகப் பரவிய சிலருக்கு, அதுவும் சுத்தம் செய்வதோடு சேர்த்துத்தான். மற்றவர்களுக்கு அதனால் பள்ளத்தின் ஆழம் குறைவதில் கிடைக்கும் கூடுதல் பலன் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வயிற்றுப்போக்கும் மருந்துக்குப் பணியாத கிருமிகளும் அதற்கு நாம் கொடுக்கும் விலை. மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாள்களில் மதுவைத் தொடக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு, கரையில் சும்மா இருக்கும் மாதங்களில் இதை யாரிடம் சொல்வது!

சித்தப்பாவுக்கு மாத்திரை எழுதவில்லை. இரண்டு அமர்வுகளில் சுத்தம் செய்து, சர்க்கரையைப் பார்த்து வரச் சொன்னார்கள். சர்க்கரை கூடுதலாகவே இருந்தது, அதற்கும் மருந்து தொடங்கியது. மூன்று மாதம் கழித்து அதே கம்பி நான்கு மில்லிமீட்டரில் நின்றது. சட்டைப்பையில் கிடந்த பழைய அட்டையைச் சித்தி எடுத்து வைத்திருக்கிறார்.