சிவப்பு விளக்கும் சிவப்பு நிலாவும்

3 செப்டம்பர் 2025, புதன்

ஞாயிறு இரவு முழு சந்திர கிரகணம். இந்திய நேரப்படி 9.57க்குப் பூமியின் அடர்ந்த நிழலான கருநிழல் நிலாவின் விளிம்பைத் தொடும். 11 மணிக்கு முழுதாக மூடிவிடும். 12.22க்கு விடத் தொடங்கி, 1.26க்கு முற்றிலும் விட்டுவிடும். நடுவில் 82 நிமிடம் சிவப்பு நிலா.

எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. 2018 ஜூலை கிரகணத்தின் முழு மறைவு 103 நிமிடம் நீடித்தது. இந்த நூற்றாண்டில் அதைவிட நீண்டது கிடையாது. விடிய விடிய நின்று நானூறு படம் எடுத்தேன். படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைக் கேமராவில் தானியங்கியில் விட்டிருந்தேன். சிவப்பைக் கண்ட கேமரா, ஏதோ கோளாறு என்று நினைத்து நல்ல மனத்தோடு திருத்திவிட்டது. நானூறும் அழுக்குச் சாம்பல். கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தாலாவது மீட்டிருக்கலாம்; அதையும் செய்யவில்லை.

மகளிடம் இதைச் சொன்னேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "நீங்கள் படம் எடுங்கள் அப்பா, நான் கலர் பென்சிலில் வரைகிறேன். யாருடைய நிறம் சரியாக வருகிறது என்று பார்ப்போம்" என்றாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டு என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

ஒத்திகை. 300 மி.மீ. லென்ஸில் நிலாவின் பிம்பம் சென்சாரில் விழுவது சுமார் 2.7 மி.மீ. அகலம்தான். அந்த மிளகளவு வட்டத்துக்கு இத்தனை ஏற்பாடு!

நிலா இன்னும் முழுதாகவில்லை. ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரத்தில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுகிறது. திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, ஒரு பள்ளத்தின் விளிம்பு கத்தியால் கீறியதுபோலத் தெரியும்வரை ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, டேப் ஒட்டினேன். முக்காலியில் நிற்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட வேண்டும்; இல்லாத அதிர்வைத் தேடி அதுவே படத்தைக் கலைக்கும். வெள்ளைச் சமநிலை: பகல் ஒளி. இதை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

மாலை 6.30. வானம் முழுக்க மேகம். எழுத ஒன்றுமில்லை.

இரவு 9.20. மேகம் கிழிந்துவிட்டது! மொட்டை மாடியில் பாய், முக்காலி, இரண்டு பேட்டரி, கொசுவர்த்தி. இருட்டுக்குப் பழகிய கண் கெடாமலிருக்க, டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருக்கிறேன். கருநிழலைச் சுற்றியுள்ள மங்கலான புறநிழலுக்குள் நிலா போய்க் கால் மணிக்கு மேல் ஆகிறது. கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை.

10.25. நிழலின் ஓரம் வளைந்திருக்கிறது. பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் இந்த வளைவும் ஒன்று. மகள் தாளில் அந்த வளைவைக் காம்பஸால் நீட்டி முழு வட்டமாக்கினாள். நிலாவைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வந்தது. பண்டைய கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்கஸ் இதை இரண்டு மடங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டார்; அவரைவிட இவள் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறாள். சொன்னதும் தலைகால் புரியவில்லை அவளுக்கு.

10.56. கடைசிக் கீற்று. அதன் ஓரமாகப் படத்தில் மெல்லிய நீலம் தெரிகிறது. ஓசோன் படலத்தின் வழியாக வரும் ஒளியில் சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் மிஞ்சுகிறது. வெறும் கண்ணுக்கு அது எட்டவில்லை, அல்லது என் கண்ணுக்கு.

11.10. மூடிவிட்டது. இதுவரை கண்ணுக்குப் படாத நட்சத்திரங்கள் எல்லாம் எங்கிருந்தோ வந்துவிட்டன. கருநிழல் தொடுமுன் கேமராவின் ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, நேரம் 1/250 நொடி. இப்போது ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6, 1 நொடி. கணக்குப் பார்த்தால் எட்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு நொடிக்கு மேல் திறந்துவைத்தால் நிலா நகர்ந்து விளிம்பு இழுபடுகிறது.

"சிவப்புப் பென்சில் எழுதவே மாட்டேன் என்கிறது அப்பா."

"சீவிக்கொள்."

"சீவிவிட்டேன்."

"அழுத்தி எழுது, அம்மா." நான் திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

11.33. என்ன இது, எல்லாம் மசமச என்று இருக்கிறது? லென்ஸ் ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்த்து நிற்பதால், ஜூம் குழாய் தன் கனத்தாலேயே கீழே சறுக்கியிருக்கிறது. வளையத்துக்கு டேப் ஒட்டியவன் குழாய்க்கு ஒட்டவில்லை. இருபது நிமிடப் படங்கள் போயின. மங்கிய நிலாவில் ஃபோகஸ் பிடிபடவில்லை. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், கிழக்கே, சனி. அதன்மீது ஃபோகஸ் செய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்காலியின் தலையை மீண்டும் நிலாவுக்குத் திருப்பினேன்.

11.41. கிரகணத்தின் நடு. ½, 1, 2 நொடி என்று மூன்று படம். கிடைத்துவிட்டது.

8 செப்டம்பர், திங்கள்

காலையில் மகளின் கூச்சல் கேட்டு எழுந்தேன். வரைந்த தாளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். நிலா இரத்தம் வழிய, குங்குமத்தை அப்பியதுபோல இருக்கிறது; ஓரங்களில் பச்சை. பச்சை!

நேற்று நான் கவனித்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கில் வெள்ளைத் தாளும் சிவப்புக் கோடும் ஒன்றுபோலத்தான் தெரியும். முனை உடையவில்லை, கோடுதான் கண்ணுக்கு மறைந்துவிட்டது; அவளும் அழுத்து அழுத்தென்று அழுத்தியிருக்கிறாள். பச்சையோ அந்த வெளிச்சத்தில் கருப்பு. பழுப்பு என்று நினைத்து அதை எடுத்திருக்கிறாள். 2018இல் என் கேமரா சிவப்பைத் தின்றது, இந்த முறை என் டார்ச். இருவரும் சிரித்தோம்; அவள் சற்றுத் தாமதமாக. பள்ளிக்கும் தாமதம்தான்.

இரவு நிலா சனியை நெருங்கிவிட்டது. நேற்று ஒரு சாண் இடைவெளி இருந்ததே! நிலா இவ்வளவு நடக்கிறது என்பது கிரகணத்தில்கூட எனக்கு இப்படி உறைக்கவில்லை.

13 செப்டம்பர், சனி

ஒரு வாரமாக 11.41 படங்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். அரை நொடிப் படத்தில் நிலா கருஞ்செங்கல். இரண்டு நொடிப் படத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு. அடுத்தடுத்து எடுத்தவை. வலையில் எங்கு பார்த்தாலும் அந்த ஆரஞ்சுதான். நான் பார்த்தது அதுவல்ல.

பிரெஞ்சு வானியலாளர் தாஞ்ஜோன் 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் வைத்தார். நிலா கண்ணுக்கு மறைந்தே போனால் 0, செம்பு ஆரஞ்சாக ஒளிர்ந்தால் 4. கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியது, படத்தை வைத்தல்ல. 1991இல் பினாட்டுபோ எரிமலை வெடித்த பின், 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா ஏறக்குறைய காணாமலே போனது. பூமியின் காற்றில் எவ்வளவு தூசி என்பதை நிலா காட்டிக்கொடுத்துவிடுகிறது. நான் 2 என்று குறித்திருந்தேன். மகள் 3 என்றாள், பிறகு "இரண்டரை போடலாமா?" என்று பேரம் பேசினாள்.

இன்று மதியம், ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில் நினைவிலிருந்து மறுபடி வரைந்தாள். ஒரு வார நினைவு எவ்வளவு நம்பகமானது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. முதலில் பழுப்பு, அதன்மேல் சாம்பல், பிறகு சிவப்பை மிக லேசாக, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து. கீழ் விளிம்பை மட்டும் வெளிறவிட்டாள். சரிதான்: நிலா கருநிழலின் மையத்துக்குத் தெற்கே கடந்தது, அந்த ஓரம்தான் வெளிச்சத்துக்குப் பக்கம்.

தாளைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, ஒரு நொடிப் படத்தின் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தேன்.

"இன்னும் அப்பா."

இன்னும் அரை ஸ்டாப்.

"சிவப்பையும் கொஞ்சம்."