திருவாசியில் மகரம், ரோமில் பாம்பு

மொரிஷியஸில் செப்டம்பர் 8 இரவு என்றால் போர்ட் லூயிஸிலுள்ள சேந்த் குருவாவுக்கு நடைதான். 1864 செப்டம்பர் 9 அன்று மறைந்த அருட்தந்தை லவாலின் (பிரெஞ்சில் 'பேர்' லவால்) கல்லறைக்கு, தீவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் இரவோடு இரவாக வந்து சேர்வார்கள். கத்தோலிக்கர் மட்டுமா? திருநீற்று நெற்றியோடு எங்கள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மருத்துவராக இருந்து குருவானவர் அவர். 1841இல் இங்கே வந்து, அடிமைத்தளை நீங்கிய மக்களோடு கிடந்து உழைத்தார். வேண்டினால் நோய் தீரும் என்பது அத்தையின் நம்பிக்கை. என்னுடையதும்தான்.

வரிசை நகர்வதாக இல்லை. அத்தை மகன் கைப்பேசியை நீட்டினான். வத்திக்கானில் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் ஆறாம் பவுல் மண்டபம்.

"அண்ணா, பாம்புத் தலை மாதிரியே இல்ல?"

பாம்புதான், சந்தேகமில்லை. பக்கத்துக்கு ஒன்றாக நீள்வட்டச் சன்னல்கள், அவை கண்கள். மேடையை நோக்கிக் குறுகும் கூரைதான் முகம். பியர் லூயிஜி நெர்வி என்ற பொறியாளர் எழுப்பி 1971இல் முடிந்த மண்டபம் அது. ஆறாயிரம் பேருக்கு மேல் உட்கார வேண்டும், நடுவில் தூண் மறைக்கக் கூடாது. கான்கிரீட்டை நெளிநெளியாக மடித்தால், நம் வீட்டுத் தகரக் கூரை மாதிரி, மெலிதாக இருந்தும் விறைத்து நிற்கும். அந்த நெளிவு படத்தில் செதிலாகிவிடுகிறது. அதுவும் சரியாக நடுவில் நின்று, அகலமாகப் படம் பிடித்தால்தான்.

இதைச் சாத்தானின் அடையாளம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நாகத்துக்குப் பால் வார்க்கும் வீட்டில் பிறந்த எனக்கு அந்தப் பயம் ஒட்டவில்லை. அவர்கள் வேதத்திலேயே மோசே வெண்கலப் பாம்பைக் கம்பத்தில் உயர்த்துகிறார், கடிபட்டவர்கள் அதைப் பார்த்துப் பிழைக்கிறார்கள். இயேசு தம்மை அதோடு ஒப்பிட்டதாக யோவான் எழுதியிருக்கிறார். போதாதா?

ஒருவழியாக உள்ளே போனோம். கல்லறைமேல் படுத்த கோலத்தில் லவாலின் வண்ணச் சிலை. அத்தை தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் அவசரப்படுத்தவில்லை.

விடிந்ததும் அதே வட்டாரத்திலுள்ள சொக்கலிங்க மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். ஊரில் கைலாசோன் என்பார்கள். தீபாராதனை ஆகும்போது எனக்குச் சாமி சிலையைச் சுற்றி வளையும் திருவாசி நினைப்பாகவே இருந்தது. இருபுறமும் முதலை போன்ற மகரத்தின் வாயிலிருந்து கிளம்பி, உச்சியில் சிம்மமுகத்தில் சேர்வது அல்லவா அது! அபிஷேக நீர் வெளியேறுவதும் பசுமுகம் என்று பொருள்படும் கோமுகி வழியாகத்தான். நம் கோயிலில் இப்படி எத்தனை விலங்குகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, வேலை உண்டு, கேட்டால் ஸ்தபதி சொல்வார். ரோமிலோ, பார்க்கிறவர் கண்தான் பாம்பைச் செய்துகொள்கிறது என்பது என் எண்ணம்.

அத்தை மகனிடம் மெதுவாகச் சொன்னேன். "அப்போ இதையும் ஒரு படம் எடுத்துக்கறேன்" என்று கைப்பேசியை உயர்த்தினான். குருக்கள் முறைத்த முறைப்பில் அது சட்டைப்பைக்குள் போய்விட்டது.