மீன் தூள் இல்லாம மீன் வளருமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துல காவேரிப்பட்டணம், பாரூர் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டி ரோகு, கட்லா, திலேப்பியா விட்டிருக்கறவங்க அதிகமா கேக்கறது இதுதான், தீவனத்துல மீன் தூள் கட்டாயம் வேணுமா, கடலை புண்ணாக்கும் தவிடும் பத்தாதா?

மீன் தூள்ல 60, 65 சதவீதம் புரோட்டீன் இருக்கு, புரோட்டீனோட துண்டுகளான அமினோ அமிலம் எல்லாம் மீனுக்கு தோதான அளவுல இருக்கு, அந்த வாசனைக்கே மீன் ஓடி வரும். ஆனா ஒரு கிலோ தூளுக்கு நாலஞ்சு கிலோ பச்சை மீன் போகுதுங்க. மேற்கு கடற்கரைல ஏழை ஜனங்க கொழம்பு வச்சு சாப்பிடற மத்தி மீன லாரி லாரியா மில்லுக்கு கொண்டு போய் அரைக்கறத நினைச்சா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. பெருவுல 2023ல கடல் சூடாகி நெத்திலி வகை மீனோட முதல் சீசனையே ரத்து பண்ணாங்க, உலகத்துக்கே அதிகமா மீன் தூள் குடுக்கற நாடு அது, அந்த மாதிரி வருஷம் விலை எங்கயோ போயிடும்.

விரால், கொடுவா வளக்கறவங்களுக்கு கதை வேற, அதுங்களுக்கு 40 சதவீதத்துக்கு மேல புரோட்டீன் வேணும், மீன் தூள முழுசா எடுக்கறது கஷ்டம். நம்ம ரோகுக்கும் திலேப்பியாவுக்கும் 25லருந்து 30 இருந்தா போதும், தாவர புரோட்டீன வச்சே தாராளமா சமாளிக்கலாம்.

ஆனா வெறும் கடலை புண்ணாக்கு மட்டும் போட்டா ஆகாது. அதுல லைசின், மெத்தியோனின்ங்கற ரெண்டு அமினோ அமிலமுமே கம்மி. சோயா புண்ணாக்குல லைசின் நல்லா இருக்கு, மெத்தியோனின்தான் இடிக்கும், அத தூளாவே கோழித் தீவனத்துக்கு விக்கறாங்க, கொஞ்சம் சேத்தா சரியாயிடும். பச்சை சோயாவ அப்படியே அரைச்சு போடாதீங்க, புரோட்டீன் செரிக்க விடாத பொருள் அதுல இருக்கு, நல்லா சூடு பட்டாதான் போகும்.

இன்னொன்னு பாஸ்பரஸ். தானியத்துலயும் புண்ணாக்குலயும் இருக்கற பாஸ்பரஸ்ல பெரும்பங்கு பைட்டேட்ங்கற பொருளா கட்டுண்டு கிடக்கும், மீனால பிரிக்க முடியாது, கழிவோட வெளிய வந்து குட்டைத் தண்ணியத்தான் பச்சையாக்கும். அதனால பாஸ்பரஸ் உள்ள தாது உப்பு தனியா சேக்கணும், அதுலயும் ரோகு, கட்லா மாதிரி கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது, அமிலம் சுரக்காது, அதனால டைகால்சியம் பாஸ்பேட் அதுங்களுக்கு சரியா சேராது, மோனோகால்சியம் பாஸ்பேட்தான் நல்லது. இத கடைக்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க, நாமதான் கேட்டு வாங்கணும்.

மழைக்காலத்துல புண்ணாக்கு வாங்கினா ஒரு கட்டிய கைல உடைச்சு உள்ள பாருங்க, பச்சையா பூஞ்சத் தூள் பறந்துச்சுன்னா விலை எவ்வளவு கம்மின்னாலும் வேண்டாம். அந்தப் பூஞ்சை விடற அஃப்ளாடாக்சின்ங்கற விஷம் மீனோட கல்லீரல கெடுக்கும், வேக வச்சாலும் அந்த விஷம் போகாது.

நம்ம ஊர்ல கொள்ளு தாராளமா விளையுது, அதுல 20 சதவீதத்துக்கு மேல புரோட்டீன் இருக்கு. தருமபுரி பக்கம் யாராச்சும் வறுத்து அரைச்சு குட்டைல போட்டுப் பாத்திருந்தா எவ்வளவு கலந்தீங்க, மீன் எப்படி தின்னுச்சுன்னு கீழ எழுதுங்க.